துளைவழி அறுவைக்குப் பின் வலி: மயக்க மருத்துவர் பதில்கள்

கர்ப்பப்பை, சினைப்பை அறுவைகளை லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்து) செய்தபின் வரும் வலி குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் கேட்ட கேள்விகளும், மயக்க மருத்துவராகிய என் பதில்களும்.

பாலக்கோடு அன்பர்: மனைவிக்குச் சினைப்பைக் கட்டியை எடுக்கப் போகிறார்கள். முழு மயக்கம் கொடுத்த பிறகும் மரத்துப்போகும் ஊசி எதற்கு, டாக்டர்?

முழு மயக்கம் அறுவை முடியும்வரைதான். தெளிந்ததும் துளைகளின் வலி தெரியத் தொடங்கும். அந்த ஊசியில் உள்ள பியூபிவகெய்ன் போன்ற மருந்து, நரம்பில் சோடியம் நுழையும் வழியை அடைத்து, வலியுணர்வு மூளைக்குச் செல்லாமல் தடுக்கிறது. தோலில் மட்டும் போட்டால் போதாது. கேமரா திரையைப் பார்த்தபடியே, வயிற்றின் உள்ளுறை மருந்தால் சற்றே உப்பித் தெரியும்வரை ஆழமாகச் செலுத்த வேண்டும்.

ஆனால் இதன் பலன் அளவானது. ஏறத்தாழ 4 முதல் 8 மணி நேரம்தான். இடுப்புக்குழியின் ஆழத்திலிருந்து எழும் வலியை இது தொடுவதில்லை. ஆகவே பாராசிட்டமாலும், சிறுநீரகக் கோளாறோ குடற்புண்ணோ இல்லாதவர்களுக்கு இபுபுரூஃபன் வகை மாத்திரையும்தான் வலி நீக்கத்தின் முதுகெலும்பு. ‘இப்போது வலியில்லையே’ என்று முதல் வேளை மாத்திரையைத் தள்ளிப்போட்டு, நள்ளிரவில் துடிக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும். மரப்பு இறங்குவதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும்.

ஊத்தங்கரை சகோதரி: வயிற்றை விட வலது தோள்பட்டைதான் வலிக்கிறது. இதயக் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயுவில் மிச்சமிருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்கும் தோளுக்கும் உணர்வு செல்லும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியைச் சேர்ந்தவை என்பதால் வலி தோளில் தெரிகிறது. துளையில் போட்ட ஊசி இதற்கு உதவாது; அறுவை முடிவில் வாயுவை நன்றாக வெளியேற்றுவதே உதவும். எழுந்து உட்காரும்போது கூடும், படுத்தால் குறையும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். தோளில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். மரத்த வயிற்றில் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓசூர் வாசகி: அம்மா 40 கிலோதான். மருந்து அதிகமாகிவிடாதா?

எடையைப் பார்த்தே அளவு தீர்மானிக்கிறோம். பியூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அம்மாவுக்கு 80 மில்லிகிராம், அதாவது 0.25 சதவீதக் கரைசலில் 32 மில்லி. மீறினால் வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு நேரலாம். அதற்கு முறிவாகக் கொழுப்புக் கரைசல் மருந்து உண்டு.

அரூர்: குடும்பக்கட்டுப்பாடு அறுவை, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பாலில் கலப்பது மிகச் சிறிதளவே.

பென்னாகரம்: பல் பிடுங்க ஊசி போட்டபோது படபடத்தது. ஒவ்வாமையா?

பல நேரங்களில் அது ஊசியில் கலந்த அட்ரினலினின் விளைவு. உண்மையான ஒவ்வாமை அரிது. ஆனாலும் தடிப்பு, முகவீக்கம், மயக்கம் வந்ததா என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அஞ்செட்டி: மலைப்பாதையில் நெடுந்தூரம் வர வேண்டும். எப்போது பயப்பட வேண்டும், ஐயா?

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாறாகக் கூடினாலோ, காய்ச்சல், தொடர் வாந்தி, வயிறு உப்பிக் கல்லாதல், மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். குடலில் பட்ட காயம் சில நாள் கழித்தும் வெளிப்படலாம். வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.