27 பக்கக் கதை ஏன் 32 ஆகிறது?

கேள்வி: நான்கு வயதுக் குழந்தைகளுக்கான படக்கதை ஒன்றை 27 பக்கமாகப் பிரித்து எழுதினேன். 32 ஆக்கச் சொல்கிறார் பதிப்பாளர். ஏன்?

பதில்: அச்சுத் தாளை மடித்தால் பெரும்பாலும் 16 பக்கம் வரும், அப்படி இரண்டு சேர்ந்தால் 32. நடுவில் பின் அடிக்கும் புத்தகமும் நான்கின் மடங்கில்தான் அமையும்.

எட்டு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்க டம்மி (மாதிரிப் புத்தகம்) தயார். முதல் இரண்டு பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும். மிச்சத்தில் கதையை வெட்டி ஒட்டிப் புரட்டிப் பாருங்கள். "கதவைத் திறந்தாள்..." என்பது வலப்பக்கக் கடைசியில் நிற்கட்டும். உள்ளே இருக்கும் பூனை எதிர்ப்பக்கத்திலேயே வந்துவிட்டால் குழந்தையின் கண் முதலில் அங்கேதான் ஓடும், கதவை யார் பார்ப்பார்கள்? படத்தில் கதவு சிவப்பாக இருந்தால் 'சிவப்புக் கதவு' என்று எழுத வேண்டாம், அதைப் படமே சொல்லிவிடும்.

கேள்வி: எழுத்தைப் படத்தின்மேல் வெள்ளையில் போடலாமா?

பதில்: அழகுதான். ஆனால் தெலுங்கிலோ இந்தியிலோ போடும்போது நான்கு பிளேட்டையும் (ஒவ்வொரு மை நிறத்துக்கும் ஒன்றான அச்சுத் தகடுகளை) மாற்ற நேரும், வெள்ளை எழுத்து என்பது எல்லா நிறத்திலும் விடப்படும் வெற்றிடம்தானே. கறுப்பு எழுத்தென்றால் கறுப்பு பிளேட் மட்டும் போதும். நடு மடிப்பை ஒட்டி எழுத்தோ முகமோ வைக்காதீர்கள், பைண்டிங் விழுங்கிவிடும்.