சீட்டைத் தள்ளி எடுத்துப் பாரிஸ் போகலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். கணவர் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நான் மருந்துக்கடையில் திங்கள் முதல் புதன் வரை வேலை பார்க்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 3,700 பவுண்ட் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை மட்டும் 1,750. மூத்தவளுக்கு 7 வயது. சின்னவளுக்கு 4, இந்தச் செப்டம்பரில்தான் ரிசப்ஷனில் (இங்கே பள்ளியின் முதல் வகுப்பு) சேர்ந்தாள். நர்சரிச் செலவு நின்றால் கை கொஞ்சம் தாராளமாகும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் ஆஃப்டர் ஸ்கூல் கிளப் வந்து உட்கார்ந்துவிட்டது, பிள்ளைக்கு நாளொன்றுக்கு 14 பவுண்ட். கூடவே கொலு, தீபாவளி, குளிர்கால கோட்டு, ஹீட்டிங் பில்.

2025 அக்டோபர் 27ஆம் தேதி தொடங்கும் ஹாஃப் டெர்மில் (பருவத்தின் நடுவே பள்ளிக்கு வரும் ஒரு வார விடுமுறை) பாரிஸ் கூட்டிப்போகிறேன் என்று பிள்ளைகளிடம் வாய் விட்டுவிட்டேன். 3 இரவுக்கு 1,500 பவுண்டாவது ஆகும் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் 10 பேர் சேர்ந்து மாதம் 200 பவுண்ட் சீட்டு போடுகிறோம். 3 தவணை கட்டியாயிற்று. போன ஏலத்தில் ஒருவர் 260 தள்ளி எடுத்தார். நானும் அப்படி எடுக்கலாமா? அல்லது கிரெடிட் கார்டில் போடலாமா? அதில் ஏற்கெனவே 900 பவுண்ட் பாக்கி, வட்டி 24.9 சதவீதம். சேமிப்பில் 1,100 இருக்கிறது. மாதக் கடைசியில் 150 மிஞ்சும். ஹாஃப் டெர்முக்கு முந்தின வாரமே போய்வாருங்கள், பள்ளி அபராதம் கட்டினாலும் லாபம்தான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் பிள்ளைகளுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கணவருக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். பிஆர் (நிரந்தரமாக இங்கே வசிக்கும் உரிமை) இருக்கிறது, ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல் குடியுரிமையை ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். பாரிஸுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம். சீட்டையும் தொடாதீர்கள்.

சீட்டுக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். 2,000 பவுண்ட் சீட்டை 260 தள்ளி எடுத்தால் கைக்கு 1,740 வரும். அதில் 600 நீங்களே கட்டிய பணம். ஆக, கடனாக வாங்குவது 1,140. இனி கட்ட வேண்டியது 7 தவணை, 1,400. அந்த 260 பவுண்ட்தான் இந்தக் கடனுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. ஊர்க் கணக்கில் சொன்னால் அஞ்சு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் அஞ்சு) மேல் வருகிறது. பின்னால் எடுப்பவர்கள் தள்ளுவதில் உங்களுக்கும் பங்கு திரும்பி வரும், உண்மைதான். அதையெல்லாம் கழித்தாலும் மூணு வட்டியாவது நிற்கும். நீங்கள் பயப்படுகிற கிரெடிட் கார்டு கிட்டத்தட்ட ரெண்டு வட்டி. அதாவது, தெரிந்தவர்களிடம் எடுப்பது பேங்க் கார்டைவிட விலை கூடுதல். சீட்டு என்றால் நமக்கு அது சேமிப்பாகவே மனதில் பதிந்துவிட்டது. முதல் சில மாதங்களில் தள்ளி எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்குத்தான் சேமிப்பு. நீங்கள் கடைசி ஆளாக இருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

(இந்தச் சீட்டுக்கு எந்த எழுத்தும் இல்லை, பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள பாதுகாப்பும் இதற்குக் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். நடத்துபவர் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது, நடுவில் நிறுத்தவும் முடியாது. இதை முடித்துவிட்டு அடுத்த சீட்டில் சேரும் முன் மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.)

கார்டில் போடுவதும் சரிப்படாது. இருக்கிற 900க்கே மாதம் 17 பவுண்ட் வட்டி போய்க்கொண்டிருக்கிறது.

பாரிஸை நான் தள்ளி வைக்கச் சொல்வதற்கு 1,500 பவுண்ட் மட்டும் காரணமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் போக உங்கள் கணவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் கட்டணம் தனி. செப்டம்பரில் விண்ணப்பித்து அக்டோபர் கடைசிக்குள் அப்பாயிண்ட்மென்ட்டும் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நாலு பேருக்கு எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். இன்னொன்று, பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலில் 4 வயது நிறைந்தாலே டிக்கெட் எடுக்க வேண்டும். பிரிட்டனுக்குள் ஓடும் ரயில்களில் 5 வயதுக்குக் கீழ் இலவசம். உங்கள் சின்னவள் சரியாக இந்த இடைவெளியில் நிற்கிறாள். இந்த ஒரு வருடம் அவளைக் காசில்லாமல் கூட்டிப்போகலாம், அதை உள்நாட்டில் பயன்படுத்துங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனையைச் சட்டென்று முடித்துவிடலாம். 5 நாள் அனுமதியில்லாமல் பள்ளிக்குப் போகாவிட்டால் ஒவ்வொரு பெற்றோருக்கும் பிள்ளைக்கு 80 பவுண்ட் அபராதம் வரும். 21 நாளில் கட்டாவிட்டால் 160. சின்னவள் இன்னும் கட்டாயப் பள்ளி வயதை எட்டவில்லை, அவளுக்கு அபராதம் கிடையாது. மூத்தவளுக்காக நீங்கள் இருவரும் சேர்ந்து 160 கட்ட வேண்டும். 3 வருடத்துக்குள் அவளுக்காக மறுபடி வந்தால் ஆளுக்கு நேராக 160, மூன்றாவது முறை கோர்ட் வரை போகும். அந்த வார விலைக் குறைவில் இதை ஈடுகட்ட முடியாது. தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வருகிறது. அந்த ஒரு நாளுக்கு மதப் பண்டிகை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விடுப்பு கேளுங்கள், அது தவறாகாது. பயணத்தை அதோடு கோக்காதீர்கள்.

எங்கே போவது? நான் யார்க் என்பேன். கிங்ஸ் கிராஸில் ஏறினால் ரயிலில் சுமார் 2 மணி நேரம். எடின்பரோவும் நல்ல ஊர்தான், ஆனால் 4 வயதுக் குழந்தையோடு நாலரை மணி நேரம் என்பது வேறு விஷயம். யார்க் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்தில் தேசிய ரயில்வே மியூசியம் இருக்கிறது, நுழைவு இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி ரயில்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. ஜப்பானின் பழைய புல்லட் ரயில் பெட்டி ஒன்றும் உண்டு. கோட்டை மதில் மேல் நடப்பதற்கும் காசு இல்லை. ஆனால் சில இடங்களில் உள்பக்கம் தடுப்புக் கம்பி கிடையாது, சின்னவள் கையை விடாதீர்கள். மியூசியம் கார்டன்ஸில் இடிந்த மடாலயச் சுவர்களைச் சுற்றி இலை கொட்டிக் கிடக்கும். இரண்டு பெண்களும் ஒரு மணி நேரம் அதிலேயே புரளுவார்கள், அதற்கும் டிக்கெட் இல்லை.

ஞாயிறு 26 காலை கிளம்பி செவ்வாய் மாலை திரும்புங்கள், 2 இரவு போதும். நகர விடுதிகளில் சனி இரவைவிட ஞாயிறு இரவு பெரும்பாலும் மலிவு. அன்றுதான் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது, பிள்ளைகள் எப்படியும் இருட்டிலேயே எழுந்துவிடுவார்கள், காலை ரயில் கஷ்டமாக இருக்காது. மாலை நாலே முக்காலுக்கெல்லாம் யார்க்கில் சூரியன் மறைந்துவிடும். பெரியவர்களுக்கு அது குறை, உங்களுக்கு லாபம்: ஆறு மணிக்கு அறைக்குப் போய்விட்டால் இரவுச் செலவு என்று ஒன்று இருக்காது.

ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டு 35 பவுண்ட், ஒரு வருடம் செல்லும். பெரியவர்களுக்கு டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். ஒரு வழிக்கு 45 பவுண்ட் முன்பதிவு டிக்கெட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவருக்கும் போக வர 180 ஆக வேண்டியது 120 ஆகிறது. முதல் பயணத்திலேயே கார்டின் விலை வந்துவிட்டது. மூத்தவளையும் சேர்த்து ரயிலுக்கு 160 பவுண்ட் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப அறைக்கு 2 இரவும் சேர்த்து 200க்குள் தேடுங்கள். பிள்ளைகளுக்குக் காலை உணவு இலவசமாகத் தரும் விடுதிகள் உண்டு, கேட்டுப் பதிவு செய்யுங்கள். சாப்பாடு, பஸ், ஒரு கட்டண இடம் எல்லாவற்றுக்கும் 180. ரெயில்கார்டோடு சேர்த்து 575. போகும்போது புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் ஒரு வேளைச் செலவு மிச்சம். ரைஸ் குக்கரை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அறையில் புகை அலாரம் அடித்து மொத்த ஹோட்டலும் தெருவில் நிற்கும் காட்சியைப் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் என் கண்ணில் முதலில் பட்ட விஷயம். கிளப்புக்கு வாரம் 84 பவுண்ட் உங்கள் கணக்கிலிருந்து நேராகப் போகிறது போல் தெரிகிறது. டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கு நீங்கள் திறக்கவே இல்லையா? அது நர்சரிக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு 11 வயது வரை, பதிவு பெற்ற ஆஃப்டர் ஸ்கூல் கிளப், விடுமுறை கிளப் இரண்டுக்குமே செல்லும். பெற்றோர் இருவரும் வேலையில் இருந்து, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்காமல் இருக்க வேண்டும். நீங்கள் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் சேர்க்கும். உங்கள் 84இல் 16.80 அரசின் பங்கு. பள்ளி நடக்கும் சுமார் 38 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 638 பவுண்ட். யார்க் பயணம் முழுவதும் அதில் அடங்கி, மேலே கொஞ்சம் மிஞ்சுகிறது.

ஹாஃப் டெர்மில் வீட்டோடு இருந்தாலும் அந்த வாரம் சும்மா போகாது. நீங்கள் மூன்று நாளும் வேலைக்குப் போனால் விடுமுறை கிளப் வேண்டும். பிள்ளைக்கு நாளுக்கு 45 என்றால் 270 பவுண்ட். திங்களும் செவ்வாயும் லீவு எடுத்து யார்க்கில் இருந்தால் அதில் 180 மிச்சம். அரசுப் பங்கைக் கழித்துப் பார்த்தாலும் 144. ஆகவே 575 என்பது முழுச் செலவு அல்ல, அதிகப்படிச் செலவு 430 பவுண்ட்தான்.

முதலில் கையில் வேண்டிய 575ஐத் திரட்டும் வழி: ரயில் டிக்கெட்டையும் ரெயில்கார்டையும் இந்த வாரமே எடுங்கள், முன்பதிவு விலை நாள் போகப் போக ஏறும். அறையை வந்து கட்டும் விலையில் பதிவு செய்தால் அது அக்டோபர் சம்பளத்துக்குப் போய்விடும். செப்டம்பர், அக்டோபர் மாத மிச்சம் 300, கிளப்பில் அதற்குள் சேரும் அரசுப் பங்கு 130 சொச்சம். குறைகிற 150ஐ சேமிப்பிலிருந்து எடுத்து, நவம்பரிலிருந்து வாரம் 16.80ஆகத் திருப்பி வையுங்கள். ஜனவரிக்குள் அடைந்துவிடும். அதன் பிறகு அதே தொகையைக் கார்டு பாக்கிக்குத் திருப்புங்கள்.

இது நடக்க, தீபாவளி கொஞ்சம் இறுக வேண்டும். பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை எடுங்கள், உங்களுக்கான புடவை பொங்கலுக்கு வரட்டும். மூத்தவளின் போன வருடக் கோட்டு சின்னவளுக்கு. மூத்தவளுக்குப் பள்ளியின் பழைய உடுப்பு விற்பனையிலோ, பழைய துணி விற்கும் வின்டெட் தளத்திலோ தேடுங்கள், ஒரே குளிர்காலம் போட்ட நல்ல கோட்டுகள் அங்கே கிடைக்கும். ஹீட்டிங்கில் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

சீட்டை ஏன் கடைசி வரை வைத்திருக்கச் சொன்னேன்? ஏப்ரலில் முழு 2,000 பவுண்ட் கைக்கு வரும், யாரோடும் ஏலத்தில் போட்டி போட வேண்டாம். பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பம் 2025 நிலவரப்படி 1,735 பவுண்ட், பாஸ்போர்ட் 94.50. ஏப்ரலில் கட்டணம் கொஞ்சம் ஏறினாலும் சமாளிக்கலாம். நீங்கள் பிரிட்டிஷ் குடிமகள் என்பதால், பிஆர் கிடைத்தபின் ஒரு வருடம் காத்திருக்கும் விதி உங்கள் கணவருக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விடுவது மனசு சம்பந்தப்பட்டது, அதில் நான் தலையிட மாட்டேன். குடியுரிமை மாறியபின் ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வாங்கிக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். அவர் சரி என்றால் பாரிஸை 2026 ஹாஃப் டெர்முக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லை என்றால், ஒவ்வொரு முறையும் அந்த 90 யூரோவையும் விசாவுக்கான நாட்களையும் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

சைல்ட்கேர் கணக்கைப் பிள்ளைக்கு ஒன்றாக இன்று இரவே இணையத்தில் திறந்துவிடுங்கள். கட்டி முடித்த வாரங்களுக்குப் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை உறுதிசெய்யச் சொல்லிச் செய்தி வரும், அதைத் தவறவிட்டால் அரசுப் பங்கு நின்றுவிடும். உங்கள் கிளப் இதில் பதிவு பெற்றதுதானா என்று நாளை பிள்ளைகளைக் கூப்பிடப் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.