மேற்குச் சுவரும் மேற்படிப்பும்

வணக்கம்.

நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். அப்பா மேஸ்திரி. படிப்பு முடிந்ததும் இங்கிலாந்தில் பசுமைக் கட்டட வடிவமைப்பில் முதுகலை படிக்க ஆசை. கடன் வாங்கித்தான் போக வேண்டும். அப்பாவோ, "பசுமைக் கட்டடமெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்மா" என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? போகலாமா, வேண்டாமா?

ஒரு மாணவி, திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,

போகலாம். ஆனால் படிப்பு முடிந்த கையோடு வேண்டாம். இரண்டு வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போங்கள்.

கடனுக்குப் பயந்து சொல்லவில்லை. ஐரோப்பாவில் இந்தப் படிப்பு குளிரை வைத்து வளர்ந்தது. வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அங்கே பெரிய கவலை. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸில் (ஹீட்டர் அதிகம் தேவைப்படாதபடி சூட்டைக் காத்துக்கொள்ளும் வீடு) தடிமனான வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, வெயில் உள்ளே வரத் தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல்கள். அந்த ஊருக்கு அது அருமையான விடை. திருச்சிக்குக் கேள்வியே வேறு. நீங்கள் இருப்பது கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கில். ஜூன் மாத உச்சிவேளையில் சூரியன் உங்களுக்கு வடக்கே நிற்கும். வெயில் கொளுத்துவது மொட்டைமாடியிலும், கிழக்கு மேற்குச் சுவர்களிலும்தான்.

நான் சில வருஷம் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். மே மாதம், இரவு பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறி மேல்தளத்தைத் தொட்டால், சோறு வடித்து இறக்கிவைத்த பானை மாதிரி இருக்கும். மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போட முடியாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் நாம் படுக்கும் நேரத்தில்தான் இறக்கும். ஃபேன் அதை நம் மேலேயே தள்ளும். மாடியில் சூட்டைத் தடுக்கும் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிக்கவில்லை.

இதை உங்கள் அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டுமா என்ன? செங்கல்தூள் கலந்த சுருக்கிக் காரை போட்டுத் தட்டோடு பதித்த மாடிக்கும் வெறும் தளத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர் உள்ளங்காலுக்கே தெரியும். அவர் பார்த்த பசுமைக் கட்டடங்கள் கண்ணாடி போர்த்திய அலுவலகங்களாக இருக்கும். அவற்றைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டியதை அவருக்குக் காட்டுங்கள். பர்மிங்ஹாமில் படித்தவர். இமயமலையில் பித்தோராகர் பக்கம் ஊர்க்காரர்கள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து, தொழிலை மறுபடி கற்றுக்கொண்டார். முடிந்தால் அப்பாவைத் திருவனந்தபுரத்துக்கே கூட்டிப் போங்கள். அங்கே வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் பேக்கர் கட்டியது. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம், நடுவில் மட்டும் பொந்து. செங்கலில் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சமாகும், கலவையும் குறையும், பொந்தில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை மட்டுப்படுத்தும். அப்பா உடனே, "கல்லு ஒரே அளவா வருமா?" என்று கேட்பார் பாருங்கள். சரியான கேள்வி. கோணல்மாணலான செங்கல்லில் இந்தக் கட்டு சரிப்பட்டு வராது. அதை உங்களுக்கு எந்த மென்பொருளும் சொல்லாது.

சிமெண்டும் அப்படித்தான். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. சூளையை எதைக்கொண்டு எரித்தாலும், சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லிலிருந்தே வாயு கிளம்பும். ஒரு மூட்டை குறைத்தாலும் லாபம்தான். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்று அப்பாவுடன் சைட்டில் நின்று கேளுங்கள். அப்புறம், ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் சுடாத மண்கல் செய்யப் பயிற்சி தருகிறார்கள். சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி எடுக்கும் கல் அது. ஒரு விடுமுறையில் போய் வாருங்கள்.

இங்கிலாந்தில் கட்டடத்தின் வெப்பத்தை அளக்கவும் கணக்கிடவும் நன்றாகவே சொல்லித்தருவார்கள். எதை அளப்பது என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்தக் கடனுக்கு மதிப்பு.

வரும் மே மாதம் ஒன்று செய்யுங்கள். அப்பா கட்டிய வீடுகளில் தட்டோடு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. இரண்டிலும் மேல்தளத்துக்கு அடியில் ஒரு வெப்பமானியை ஒட்டிவைத்து, இரவு பதினொரு மணி வரை மணிக்கொரு தரம் குறித்துவையுங்கள். அந்தத் தாளை முதலில் அப்பாவிடம் காட்டுங்கள். பிறகு எனக்கும் அனுப்புங்கள்.