ஆடி அமாவாசைக்குக் காரையார் கோயில்: ஏறும் பஸ்ஸை நம்பலாம், இறங்கும் பஸ்ஸை?

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயிலுக்கு எழுபது வயது தாண்டிய அம்மாவைக் கூட்டிப் போகிறோம். காரை விடமாட்டார்கள், பஸ்ஸில்தான் போக வேண்டும் என்கிறார்கள். அந்த பஸ்ஸை நம்பலாமா?"

போகும்போது தாராளமாக நம்பலாம். திரும்பும்போது, அதிலும் அமாவாசை அன்று சாயங்காலம், வயதானவர்களை வைத்துக்கொண்டு நம்ப வேண்டாம். மூன்று வருடம் முன்பு என் அம்மாவோடு அங்கே நின்ற பொழுதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்காக. கோயில் பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள், காரையார் என்ற இடத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான குடும்பங்களுக்கு இதுதான் குலதெய்வம். ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டு நாள்கணக்கில் தங்கி, பொங்கலிட்டு, கிடா வெட்டிப் படைப்பார்கள். அதே காடுதான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அத்தனை குடும்பமும் சொந்த வண்டியில் ஏறினால் காடு தாங்காது. அதனால் திருவிழா நாட்களில் தனியார் வாகனங்களைத் தடுத்து, அம்பாசமுத்திரத்தை அடுத்த அகஸ்தியர்பட்டியில் தற்காலிக பஸ் நிலையம் போட்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு முழுச் சம்மதம். சின்ன வயதில் வேனில் மூட்டை முடிச்சோடு போய், கோயில் பக்கம் வண்டிகள் முட்டி நிற்க, ஹாரன் சத்தத்தில் சாமி கும்பிட்டவன் நான். இப்போது அந்த இரைச்சல் குறைந்திருப்பது பெரிய நிம்மதி. என் ஆதங்கமெல்லாம் பஸ்ஸில் ஏற்றி விடுகிறவர்கள் இறக்கிக் கொண்டுவருவதைப் பற்றி அதே அளவுக்கு யோசிக்கவில்லையே என்பதுதான்.

அன்றைக்கு நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று, இரண்டு முட்டியிலும் வலி. அண்ணன், மைனி, பிள்ளைகள் என்று எட்டுப் பேர். அகஸ்தியர்பட்டியில் பஸ் வரிசையாக நின்றது. பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைப் பார்த்தார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு "இந்த இடத்துலதாம்லே ஒங்க தாத்தாவோட நடந்து வருவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆற்றில் குளித்து, பொங்கலிட்டு, அதே கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்கு நேர்ந்த செருப்பைக் காணிக்கையாகப் போட்டு, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது.

மாலையில் பூக்குழி பார்த்துவிட்டுத்தான் பெருங்கூட்டம் இறங்கும். "அதுக்கு முன்னாடியே கெளம்பிருவோம்" என்றாள் மைனி. மூன்றரை மணிக்கு பஸ் ஏறும் இடத்துக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஆட்கள்.

வரிசை என்று ஒன்று இல்லை. கயிறு இல்லை, தடுப்பு இல்லை, நிழலுக்குப் பந்தல் இல்லை, அடுத்த பஸ் எப்போது என்று சொல்ல ஆளும் இல்லை. பஸ் திரும்பி நிற்பதற்குள் இளவட்டங்கள் ஓடிப்போய் ஜன்னல் வழியே துண்டைப் போட்டார்கள். பிள்ளைகளை ஜன்னல் வழியாகவே உள்ளே தூக்கிக் கொடுத்தார்கள். படி வழியாக ஏறலாம் என்று நின்றவர்கள் அங்கேயே நின்றோம். மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிரம்பிப் போனது. அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை. போனில் சிக்னலும் கிடையாது.

பக்கத்தில் ஒரு ஆச்சி பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். என் அம்மாவுக்குக் கீழே உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடியாது. அதனால் அண்ணன் தோளைப் பிடித்தபடி நின்றே இருந்தாள். ஐந்தரை மணி சுமாருக்கு, "நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டு முன்னால போங்க, நான் இங்கனயே இருந்து பொறவு வாரேன்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு யார் மீதும் மரியாதை மிச்சமில்லை.

கடைசியில் வழி செய்தவர் ஒரு கண்டக்டர். இருட்டிய பிறகு வந்த ஒரு பஸ்ஸில், படியில் இறங்கி நின்று இரண்டு கையையும் விரித்து மறித்து, "ஆச்சிமாரு ஏறுன பொறவுதான் எல்லாரும்" என்றார். கூட்டம் கேட்டுக்கொண்டது. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஒழுங்கு சொல்ல ஒரு ஆள் இருந்தால் நம் ஜனங்கள் கேட்பார்கள் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அகஸ்தியர்பட்டி வந்து சேர மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

மறுவருடம் ஆடி பிறந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம்லே, இங்கன இருந்தே கும்பிட்டுக்கிடுதேன்" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ஆடிக்கும் தவறாமல் போனவள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். "பஸ் போதவில்லை" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பஸ்ஸில் நிற்பவர்களையும் சேர்த்து 80 பேர் என்று வைத்துக்கொள்வோம். மலை ஏறி, ஆளை இறக்கி, திரும்பி, கீழே போய் மறுபடி மேலே வர இரண்டு மணி நேரம் என்றால், 40 பஸ் ஓடினாலும் மணிக்கு 20 பஸ்தான் மேலேயிருந்து கிளம்பும். அதாவது 1,600 பேர். சாயங்காலம் 8,000 பேர் ஒன்றாக நின்றால் கடைசி ஆள் ஏற ஐந்து மணி நேரம். காலையில் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் இந்த நெருக்கடி தெரிவதில்லை. பொழுது சாய்ந்தால் காடு, பிள்ளைகள், நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசரம்.

பஸ்ஸைக் கூட்டினாலும் ரோடு அதே ரோடுதான். குறுகலான மலைப்பாதை, வளைவில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். கீழே பாபநாசம் படித்துறையில் அன்றைக்குத் தர்ப்பணம் கொடுக்க வேறு பெருங்கூட்டம் கூடும். அந்த நெரிசலில் ஒரு பஸ் மாட்டினால் பின்னால் வருகிற நாலும் சேர்ந்து மாட்டும். மூன்று பஸ் சேர்ந்து வருவதும், அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமே வராததும் இதனால்தான். டிரைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வளைவுகளில் இருட்டில் அத்தனை பாரத்தோடு இறக்குவது சாதாரண வேலை இல்லை.

தங்கச்சி வீட்டுக்கு ஃபுளோரிடா போயிருந்தபோது ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். அங்கேயும் இரவு வாணவேடிக்கை முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகத்தான் பஸ்ஸுக்கு வந்தார்கள், நாங்களும் நெடுநேரம் காத்திருந்தோம். ஆனால் எந்த விடுதிக்கு எந்த வரிசை என்று கம்பி போட்டுப் பிரித்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்களை முதலில் ஏற்றினார்கள். முன்னால் எத்தனை பேர் என்று கண்ணுக்குத் தெரிந்ததால் யாரும் முண்டியடிக்கவில்லை. அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. காரையாரில் நாலு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் வரிசை வந்துவிடும். பத்து பஸ்ஸுக்கு ஒன்றை வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் என்று ஒதுக்கலாம். மைக்கில் ஒருவர் பஸ் எங்கே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அமாவாசை அன்றே போக வேண்டும் என்ற நேர்த்திக்கடன் இல்லையென்றால், திருவிழா கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு சாதாரண நாளில் கூட்டிப் போங்கள். அன்றைக்குக் காரைக் கோயில் வரை விடுகிறார்களா, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அம்மா நிதானமாக ஆற்றில் கால் நனைக்கலாம்.

அன்றைக்கே போவதென்றால், சொந்தக்காரர்கள் யாராவது குடில் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அம்மாவை அங்கே இரவு தங்கவைத்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் இறங்குங்கள். நடையும் நெரிசலும் குறைவாக இருக்கும். அதற்கும் வழியில்லை என்றால், முதல் பஸ்ஸில் ஏறி, மதியம் ஒரு மணிக்குள் இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்துவிடுங்கள். பொங்கல் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பானையோடு கிளம்புங்கள். வாகனக் கட்டுப்பாடு எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாததால், பிரிந்தால் எங்கே சேருவது என்பதைக் கோயிலில் இறங்கியதுமே பேசி வையுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், துணிப்பை. அப்புறம், மறக்காமல் ஒரு மடக்கு ஸ்டூல். எங்களிடம் அது இருந்திருந்தால் அம்மா அத்தனை நேரம் நின்றிருக்க மாட்டாள்.