ஆத்துக்கு ஒரு கயிறு, பாறைக்கு ஒரு கயிறு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது கயிறு, முடிச்சு பத்தித்தான். கித்துல்கலவுக்கு ராஃப்டிங் (வேகமா ஓடுற ஆத்துல ரப்பர் போட்டுல போறது) போற நம்ம பிள்ளைகள் கூடிக்கிட்டே வராங்க, அருவில கயிறு போட்டு இறங்குற ஆசையும் இப்ப தோட்டத்து லயம் வரைக்கும் வந்துடுச்சு, அதனால மத்தக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வச்சிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே, நாங்க நாலஞ்சு பேர் கித்துல்கல ஆத்துக்குப் போறது வழக்கம். டவுன்ல ஹார்ட்வெயார் கடையில நீலக்கலர் நைலோன் கயிறு 20 மீட்டர் வாங்கி வச்சிருக்கோம். யாராவது இழுபட்டுப் போனா எறியலாம், அப்பிடியே எங்க தோட்டத்துப் பக்கம் இருக்கிற அருவில இறங்கவும் அதையே பாவிக்கலாமா?
(ஹட்டன் வாசகர்)

பதில்: தம்பி, எறியிறதுக்கு ஓரளவு சரி, இறங்குறதுக்கு வேணவே வேணாம். முதல்ல ஒரு வேலை செய்ங்க, அந்தக் கயித்துல விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணில போடுங்க, தண்ணிக்குள்ள வச்சே நல்லா பிழிஞ்சு உள்ள இருக்கிற காத்தை எல்லாம் வெளிய எடுத்துட்டு கையை விடுங்க. மேல வந்து மிதந்தா அது நைலோனே இல்ல, கடையில என்ன பேர் சொல்லி வித்திருந்தாலும் அது போலிப்ரொப்பிலின், இல்லாட்டி போலிஎதிலின். நைலோன் தண்ணிய விட பாரம், அடிக்குத்தான் போகும். நம்ம பக்கம் பிளாஸ்டிக் கயிறு எல்லாத்துக்குமே நைலோன்னு ஒரே பேர் ஆகிப்போச்சு, அதனாலதான் இந்தக் குழப்பம்.

மிதக்கிற கயிறு ஆத்துல நல்லது. தண்ணில விழுந்தவர் கண்ணுக்கு அது தெரியும், கைக்கு எட்டும், அடியில போய் கல்லுல மாட்டாது, காலைச் சுத்தாது. ராஃப்டிங் காரங்க வச்சிருக்கிற த்ரோ பேக், அதாவது எறியிற கயித்துப்பை, அது உள்ள இருக்கிறதும் பெரும்பாலும் போலிப்ரொப்பிலின் தான், 15 மீட்டர்ல இருந்து 20, 25 மீட்டர் வரைக்கும் வரும், விலை கூடினதுல டைனீமாங்கிற ரொம்பப் பலமான நாரைக் கலந்திருப்பாங்க, அதுவும் மிதக்கும். ஆனா உங்க கயித்தை சுருட்டி கையில வச்சிருந்து அவசரத்துல எறிஞ்சா சிக்கிக்கும், அதனால ஒரு துணிப்பையில கொஞ்சம் கொஞ்சமா திணிச்சு வைங்க, வட்டமா சுத்தி அடுக்க வேணாம், சும்மா திணிங்க, அப்பத்தான் எறியும்போது சிக்காம ஓடி வரும்.

இனி அருவி. போலிப்ரொப்பிலின் 165 டிகிரி போல சூட்டுலயே உருகிடும், இறங்குற டிவைஸ் உரசி உரசி சூடாகும், பாறை விளிம்பு வேற அராவும், வெயில்லயும் இந்தப் பிளாஸ்டிக் தான் சீக்கிரம் பொடியும். ஹார்ட்வெயார் கயித்துக்கு ஆளைத் தாங்குறதுக்கான எந்தச் சோதனையும் நடந்திருக்காது. கயிறு போட்டு இறங்க உள்ளுக்குள்ள நார்க்கட்டும் வெளிய பின்னின உறையும் இருக்கிற கேர்ன்மேன்டில் கயிறு வேணும், அதுலயும் அதிகம் இழுபடாத ஸ்டாட்டிக் வகை, லேபிள்ல ஐரோப்பியத் தர எண் ஈஎன் 1891 னு இருக்கும். கீழ இருந்து பாறை ஏறுறவங்களுக்கு வேற, விழுந்தா இழுபட்டு அதிர்ச்சியை உறிஞ்சுற டைனமிக் கயிறு, அது ஈஎன் 892. இந்த ரெண்டுல ஒண்ணும் இல்லாம அருவிப் பக்கம் போகாதீங்க, பழகின ஆள் ஒருத்தர் கூட இல்லாமலும் போகாதீங்க.

கேள்வி: ஆத்துல யாராவது மாட்டினா, நான் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்குறேன், மேல இருந்து நீங்க பிடிச்சுக்கோங்கன்னு எங்க செட்ல பேசி வச்சிருக்கோம். எந்த முடிச்சு போட்டா அவிழாது?
(தலவாக்கலை வாசகர்)

பதில்: தயவுசெஞ்சு இந்தத் திட்டத்தை விட்டுடுங்க. நீங்க கேக்கிற அவிழாத முடிச்சுதான் உங்களை முடிச்சிடும், அதனால இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பாறையில கயிறு உங்களைத் தாங்குது, கீழ இழுக்கிறது உங்க பாரம் மட்டும்தான். ஆத்துல உங்களை இழுக்கிறது தண்ணி, அதோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். இடுப்புல அவிழாத முடிச்சோட நீங்க நடு ஆத்துல இருக்கீங்க, மேல நாலு பேர் விடாம பிடிச்சிருக்காங்கன்னு வைங்க, கயிறு இறுகின அந்த நிமிஷமே தண்ணி முதுகுல ஏறி உங்களைக் கீழ அமுக்கும், அவங்க எவ்வளவு பலமா இழுக்கிறாங்களோ அவ்வளவு ஆழமா நீங்க போவீங்க, இறுகின முடிச்சை தண்ணிக்குள்ள வச்சு விரலால அவிழ்க்க உலகத்துல யாராலயும் முடியாது. உயிரைக் காப்பாத்தப் போனவங்க போன கதை இப்பிடித்தான் நடக்குது.

ராஃப்டிங் ரெஸ்கியூ படிச்சவங்க கயிறு மாட்டிக்கிட்டு இறங்குறாங்களேன்னு கேப்பீங்க. அவங்க போட்டிருக்கிறது வேற லைஃப் ஜாக்கெட், அதுல சுத்தி ஒரு பெல்ட் இருக்கும், கயிறு முதுகுப் பக்கத்து வளையத்துல மாட்டும், நெஞ்சுக்கு முன்னால ஒரு சின்னப் பந்து தொங்கும், அதை ஒரே இழுப்பு இழுத்தா பெல்ட் முழுசா உருவிக்கிட்டு போயிடும், ஆளும் கயிறும் பிரிஞ்சிடும். அதையும் பயிற்சி எடுத்துத்தான் பாவிக்கிறாங்க.

நீங்க செய்ய வேண்டியது கரையில நின்னு எறியிறது. விசிலடிச்சு, பேர் சொல்லிக் கத்தி, ஆள் உங்களைப் பாத்த பிறகு எறியுங்க, கயிறு அவர் தோளுக்குக் குறுக்க விழணும், பை அவரைத் தாண்டிப் போனா பரவாயில்ல. உங்க கையில இருக்கிற நுனியில வளையமோ முடிச்சோ போடாதீங்க, மணிக்கட்டுலயும் சுத்தாதீங்க, முடிச்சு இருந்தா கை நழுவி கயிறு போனாலும் அது கல் இடுக்குல போய் மாட்டி நிக்கும். இழுபடும்போது கீழ உக்காந்து காலை ஊன்றிக்கோங்க. பிடிச்சவர் மல்லாக்கப் படுத்து, கயித்தை தோளுக்கு மேலால எடுத்து நெஞ்சுல வச்சு ரெண்டு கையாலயும் பிடிக்கணும், தண்ணியே அவரை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் கரைக்குக் கொண்டு வரும். கயிறு வெளிய இருக்கிற நேரம் எல்லார்கிட்டயும் கத்தி ஒண்ணு கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும், இதுல சமாதானமே இல்ல.

இன்னொண்ணு, கித்துல்கலவுல ஓடுற களனி கங்கைக்குத் தண்ணி வர்றது கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ரெண்டுல இருந்தும், ரெண்டுலயும் மேல அணைக்கட்டும் மின்நிலையமும் இருக்கு. கித்துல்கலவுல வெயில் அடிக்கும், மேல நோர்வூட் பக்கம் மழை கொட்டும், இல்லாட்டி தண்ணி திறந்து விடுவாங்க, காலைல பாத்த ஆறு மத்தியானம் இருக்காது. அங்க வேலை செய்யிற கைட்மார்கிட்ட அன்னைக்குத் தண்ணி எப்பிடின்னு கேக்காம இறங்காதீங்க.

கேள்வி: நான் ராஃப்டிங் கைட் ட்ரெய்னிங் எடுக்கிறேன். கல்லுல ஒட்டிக்கிட்ட போட்டை இழுக்கப் ப்ருசிக் முடிச்சு போடச் சொல்லித் தந்தாங்க. வகுப்புல பிடிச்சுது, ஆத்துல நனைஞ்ச பிறகு வழுக்குது. ஏன்?
(பண்டாரவளை வாசகி)

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி, நம்ம பக்கத்துல இருந்து ஒரு பொம்பளப் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர்றது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ப்ருசிக்கை 1931ல வெளிய கொண்டு வந்தவர் கார்ல் ப்ருசிக், ஒஸ்ட்ரியாக்காரர், மலை ஏறுறவர். பெரிய கயித்துல கோர்ட், அதாவது மெல்லிய கயிறு, அதுல செஞ்ச வளையத்தைச் சுத்துறது, பாரம் இல்லாட்டி கையால தள்ளினா நகரும், பாரம் விழுந்தா கடிச்சுப் பிடிக்கும். பாறைக்காரங்க கண்டுபிடிச்சதை ஆத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க, ஏன்னா கயித்தை இஸட் எழுத்து மாதிரி மடக்கி இழுத்து நம்ம பலத்தை மூணு மடங்காக்குற அந்த இழுவைக்கு, இழுத்தது திரும்பிப் போகாம பிடிச்சுக்க ஏதாவது வேணும்.

வழுக்குறதுக்கு நான் முதல்ல பாக்கிறது கோர்ட்டோட தடிப்பு. பெரிய கயித்தோட தடிப்புல 60ல இருந்து 80 சதவீதம் இருந்தா நல்லா கடிக்கும், 10 இல்லாட்டி 11 மில்லிமீட்டர் கயித்துக்கு 6 இல்லாட்டி 7 மில்லிமீட்டர். ஆனா த்ரோ பேக் கயிறு 8 மில்லிமீட்டர்னா அதுல 7 மில்லிமீட்டர் கோர்ட் போட்டா எப்பிடிக் கடிக்கும், 5 போடணும். அடுத்தது கோர்ட்டோட விறைப்பு. கோர்ட்டை ரெண்டா மடிச்சு மடிப்பை விரலால அமுக்கிப் பாருங்க, மடிப்புக்குள்ள தெரியிற ஓட்டை கோர்ட்டோட தடிப்பை விடப் பெரிசா இருந்தா அது ரொம்ப விறைப்பு, சுத்து இறுகாது. புதுசா வாங்கினது பலதும் அப்பிடித்தான் இருக்கும், நல்லா கசக்கிப் பழக்கினா மெதுவாகும்.

அதுக்குப் பிறகு சுத்து. ரெண்டு சுத்து சுத்துறது காஞ்ச கயித்துக்குப் போதும், நனைஞ்ச கயித்துக்கு மூணு போடுங்க, சேறு பூசின கயித்துக்கும் அப்பிடித்தான். சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பக்கத்துல பக்கத்துல படுக்கணும், கோர்ட்டோட ரெண்டு நுனியையும் ஒண்ணை ஒண்ணு ரெண்டு தரம் சுத்தி வளையமாச் சேர்த்த டபுள் ஃபிஷர்மேன் முடிச்சு பெரிய கயித்தைத் தொடாம ஒரு பக்கமா விலகி நிக்கணும், அதோட வால் ரெண்டும் கோர்ட்டோட தடிப்பைப் போல பத்து மடங்காவது நீண்டிருக்கணும். போட்டு முடிச்சிட்டு ஆள் பாரத்தால ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் நம்பணும்.

கோர்ட் எதுல செஞ்சதுன்னும் பாருங்க. போலிப்ரொப்பிலின் கோர்ட்டால ப்ருசிக் போடவே கூடாது, வழுக்கினா உரசுற சூட்டுலயே உருகும். டைனீமா பலம் பெரிசு, ஆனா வழுவழுன்னு இருக்கும், உருகுறதும் 150 டிகிரி கிட்டவே, அதனால இதுக்கு சாதாரண நைலோன் கோர்ட் தான் என் தெரிவு. லேபிள்ல ஈஎன் 564 இருக்கான்னு பாருங்க, அந்த அளவுப்படி 5 மில்லிமீட்டர் குறைஞ்சது 5 கிலோநியூட்டன் தாங்கணும், 6 மில்லிமீட்டர் 7.2, 7 மில்லிமீட்டர் 9.8. ஒரு கிலோநியூட்டன்னா கிட்டத்தட்ட 100 கிலோ பாரம். முடிச்சு போட்டா அதுல நல்ல ஒரு பங்கு குறையும், நைலோன் நனைஞ்சா இன்னும் 10ல இருந்து 15 சதவீதம் போகும், இதையும் கணக்குல வச்சுக்கோங்க. பழைய வளையத்தை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, எங்கயாவது கண்ணாடி மாதிரி மினுமினுத்து விறைச்சிருந்தா அந்த இடம் உருகி ஒட்டினது, வெட்டி எறிஞ்சிடுங்க.

மரத்துல நங்கூரம் போடும்போது டேப்பை (ஒட்டுற டேப் இல்ல, தட்டையா நெஞ்ச பட்டி) மூணு சுத்து சுத்தி, முடிச்சு முன்னால வர்ற மாதிரி வச்சு, மத்த ரெண்டு சுத்தை மட்டும் வெளிய இழுத்து அதுல கரபினர், அதாவது திறந்து மூடுற உலோகக் கொக்கி, மாட்டுங்க. முடிச்சுக்கு பாரமே பெரிசா வராது, வேலை முடிஞ்ச பிறகு சுலபமா அவிழும். டேப் முடிச்சு தானாவே ஊர்ந்து வால் குறையும், அதனால வால் 8 சென்டிமீட்டர் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. இழுக்கும்போது இறுகின கயிறு மடங்குற கோணத்துக்கு உள்பக்கம் யாரும் நிக்க வேணாம், கயித்து மேல ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டா அறுந்தாலும் அடி குறையும்.

கேள்வி: கையில வளையலா கட்டுற பாராகோர்ட்ல ஆள் தொங்கலாமா?
(மஸ்கெலியா மாணவர்)

பதில்: கூடாது. நல்ல பாராகோர்ட் தாங்குறது 550 பவுண்ட், சுமார் 250 கிலோ, அதுவும் முடிச்சு இல்லாம, ஆடாம அசையாம. கூடாரம் கட்ட, சாமான் தொங்கவிட அருமையான கோர்ட். சந்தையில கிடைக்கிற போலில அந்த 250ம் இருக்காது.

கேள்வி: நான் பாடசாலையில சாரணர் பிள்ளைகளுக்குப் பொறுப்பா இருக்கேன். ரெண்டு கயித்தை சேர்க்க ரீஃப் நொட் போதுமா? ஆள் கட்ட போலைன் நல்லதா, எட்டு முடிச்சு நல்லதா?
(ஹப்புத்தளை ஆசிரியை)

பதில்: டீச்சர், ரீஃப் நொட்டை முதலுதவிக் கட்டுக்கும் பொதி கட்டவும் வச்சுக்கோங்க, தட்டையா படுக்கும், உடம்புல உறுத்தாது. ஆள் பாரத்துக்கு வேணாம், ஒரு நுனியைப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டினா அது புரண்டு உருவிக்கிட்டு வந்துடும், பிள்ளைகளுக்கு முன்னால செஞ்சு காட்டினீங்கன்னா மறக்கவே மாட்டாங்க. சேர்க்கிறதுக்கு டபுள் ஃபிஷர்மேன் சொல்லிக் குடுங்க.

மற்றக் கேள்விக்கு, ஹார்னஸ்ல (இடுப்புலயும் தொடையிலயும் மாட்டுற பட்டி) கட்ட எட்டு முடிச்சு தான். போலைனும் தாங்கும், ஆனா பாரம் இல்லாம ஆடிக்கிட்டே இருந்தா தளரும், சரியா போட்டிருக்கான்னு பாக்கிறதும் கஷ்டம். எட்டு முடிச்சுல ரெண்டு இழையும் முழுக்க பக்கத்துல பக்கத்துல ஓடும், எதிர்ல நிக்கிற பிள்ளையே ஒரு பார்வையில சரியா பிழையான்னு சொல்லிடும். கட்டினவர் ஒருத்தர், பாக்கிறவர் வேற ஒருத்தர்னு முதல் நாள்லயே பழக்குங்க. போலைனையும் விட்டுடாதீங்க, மரத்துல கயிறு கட்ட, போட்டைக் கரையில கட்ட அதை விட நல்லது இல்ல, எவ்வளவு இறுகினாலும் பிறகு கையால அவிழ்க்கலாம்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் வேன்ல ராஃப்டிங் ஆட்களை ஏத்தி இறக்குறவர். கயிறெல்லாம் வேன் டிக்கிலயே கிடக்கு, அதே டிக்கில ரப்பர் தோட்டத்துக்குப் போற சாமானும் போகுது. ஏதும் ஆகுமா?
(கினிகத்தேனை வாசகி)

பதில்: அக்கா, இதை இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க. ரப்பர் பாலை உறைய வைக்கிற ஃபோமிக் அசிட் நைலோனைக் கரைக்கிற சாமான், பட்டரி அசிட்டும் நைலோனை அரிக்கும். கயித்துல கொஞ்சம் பட்டிருந்தா வெளியில இருந்து பாக்க ஒண்ணுமே தெரியாம இருக்கலாம், நிறமும் மாறாம இருக்கலாம், பாரம் விழும்போதுதான் அறும். பட்டிருக்கும்னு சந்தேகம் வந்தாலே அந்தக் கயித்தை ஆள் வேலைக்கு எடுக்க வேணாம், யாரும் தெரியாம எடுத்துப் பாவிக்காம இருக்க துண்டு துண்டா வெட்டிடுங்க, துண்டைச் சாமான் கட்டப் பாவிக்கலாம். புதுசு வாங்கினா மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒண்ணுல தனியா வைக்கணும், நனைஞ்சதை அப்பிடியே மூடக் கூடாது, பச்சைத் தண்ணில மணல் போக அலசி வெயில் படாத இடத்துல காத்தாட உலர்த்தணும், நம்ம பக்கத்து மழை நாள்ல காய ரெண்டு நாளும் ஆகும், அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்துல போட வேணாம். வாங்கின மாசத்தையும் வருஷத்தையும் நுனியில ஒரு டேப் ஒட்டி எழுதிவிடச் சொல்லுங்க.