ட்ரோலிங் மோட்டர் வாங்க முன்: ஒன்ராறியோ ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

மே மாதம் வோலாய் மீன் பிடிக்கும் பருவத்தைத் திறந்துவிடுவார்கள். அதற்குள் படகைத் தயார் செய்ய நினைக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ட்ரோலிங் மோட்டர், அதாவது படகை மெதுவாக நகர்த்தப் பற்றரியில் ஓடும் மின்மோட்டர் பற்றித்தான். ரைஸ் ஏரியிலும் ஸ்கூகொக் ஏரியிலும் 14 அடி அலுமினியப் படகில் பின்பக்க மோட்டர், முன்பக்க மோட்டர் இரண்டையும் பல வருடங்கள் பாவித்திருக்கிறேன். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அண்ணை, என்னுடையதும் 14 அடி அலுமினியப் படகு. 9.9 குதிரைவலு பெற்றோல் எஞ்சின் இருக்கிறது. மின்மோட்டர் 30 பவுண்டா, 55 பவுண்டா? 80 போட்டால் இன்னும் வேகமாக ஓடுமா? (ஸ்காபரோ)

ஓடாது, தம்பி. பவுண்டு என்று போட்டிருப்பது தள்ளும் விசை, வேகம் அல்ல. 30 பவுண்டு மோட்டரோ 80 பவுண்டு மோட்டரோ, படகு மணிக்கு 7 அல்லது 8 கிலோமீற்றருக்கு மேல் போகாது. பெரிய மோட்டரால் கிடைக்கும் நன்மை, காற்றிலும் அலையிலும் படகு உங்கள் சொல் கேட்பதுதான்.

கணக்கு சுலபம். ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு படகின் மொத்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் குறைந்தது 2 பவுண்டு விசை வேண்டும். உங்கள் படகு 250, எஞ்சின் 90, ஆட்கள் இருவர் 350, பற்றரி 60, எரிபொருள், நங்கூரம், பெட்டிகள் எல்லாம் 150 என்று வையுங்கள். 900 வருகிறது. அதற்கு 18 பவுண்டு விசை போதும் என்று கணக்கு சொல்லும்.

ஆனால் காற்று அந்தக் கணக்கில் இல்லை. ரைஸ் ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. தென்மேற்குக் காற்று எழும்பினால் ஏரியின் முழு நீளத்துக்கும் அலையைத் தள்ளிக்கொண்டு வரும். அலுமினியப் படகு இலேசானது, தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்பது. காற்றுக்கு அது ஒரு பாய் மாதிரி. ஆகவே 55 எடுங்கள். ஒரே ஒரு 12 வோல்ற்று பற்றரியில் ஓடும் மோட்டர்களில் வழக்கமாக மேல் எல்லை அதுதான். 80க்குப் போனால் 24 வோல்ற்று, அதாவது இரண்டு பற்றரி. உங்கள் படகுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

முன்பக்கம் பூட்டுவதா, பின்பக்கமா? (மார்க்கம்)

மாட்டை வண்டிக்கு முன்னால்தானே கட்டுகிறோம்? மூக்கில் பூட்டிய மோட்டர் படகை இழுக்கும், பின்பகுதி தானாகப் பின்னால் வரும். பின்னாலிருந்து தள்ளினால் காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும், நீங்களும் கைபிடியை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பாஸ் மீனுக்குக் கரையோரமாகத் தூண்டில் எறிகிறவர்கள் காசு கொஞ்சம் கூடினாலும் முன்பக்கமே போடட்டும். நேர்கோட்டில் மெதுவாக இரை இழுக்கிறவர்களுக்கும் சின்னப் படகுக்காரர்களுக்கும் பின்பக்க மோட்டர் தாராளம். பூட்டக் கழற்ற ஐந்து நிமிடம் போதும்.

மோட்டரைத் தண்ணீருக்குள் இறக்கும் தண்டின் நீளத்தை எப்படித் தெரிவு செய்வது?

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். படகு தண்ணீரில் மிதக்கும்போது, மோட்டர் பூட்டும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். தரையில் ட்ரெய்லரில் வைத்து அளந்தால் பிழைக்கும். வந்த அளவோடு 20 அங்குலம் கூட்டுங்கள். சிம்கோ ஏரி மாதிரி அலை எழும்பும் இடத்தில் இன்னும் ஐந்து. தண்டு குட்டையாக இருந்தால் அலையில் மூக்கு எழும்பும் ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத் தள்ளும் இறக்கை (புரொப்பெல்லர்) காற்றில் சுற்றிச் சத்தம் போடும், மீன் கலைந்துவிடும். நீளம் கூடினால் மோட்டரை மேலே இழுத்துப் பூட்டலாம். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டில் பழைய கார் பற்றரி நன்றாகவே இருக்கிறது. அதைப் போடலாமா? 100 அம்பியர்-மணி பற்றரி எத்தனை மணிநேரம் வரும்? (ஏஜக்ஸ்)

போடாதீர்கள். நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். காலையில் நன்றாக ஓடியது. பின்னேரம் கரைக்குத் திரும்பும்போது காற்று எதிரே வந்தது, வேகத்தைக் கூட்டினேன். மோட்டரின் மெல்லிய 'ம்ம்' ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து அப்படியே நின்றுவிட்டது. மனைவியின் தம்பியும் நானும் ஒன்றரை மணிநேரம் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம்.

கார் பற்றரிக்குள் இருப்பது மெல்லிய ஈயத் தகடுகள். எஞ்சினை இயக்க ஒரு சில விநாடி பெரும் மின்சாரம் கொடுக்கும், பிறகு உடனே நிரம்பிவிடும். நாள் முழுக்க இறங்கி இறங்கி ஏறும் வேலைக்கு அது செய்யப்படவில்லை, ஒரு பருவத்துக்குள் செத்துவிடும். தடித்த தகடு உள்ள 'டீப் சைக்கிள்' பற்றரி கேட்டு வாங்குங்கள்.

நேரக் கணக்கு இதுதான். 55 பவுண்டு மோட்டர் முழு வேகத்தில் சுமார் 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி என்றால் இரண்டு மணிநேரம் என்று தோன்றும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது ஒரு மணிநேரம்கூட இல்லை.

பயப்பட வேண்டாம். தண்ணீரில் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். வோலாய்க்குப் புழு இழுக்கும் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் சொச்சம்தான். அதில் அதே பற்றரி காலையிலிருந்து மதியம் தாண்டும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து படி வேகம் மட்டும் உள்ள மலிவு மோட்டர்களில், மெதுவாகப் போகும்போது மீதி மின்சாரம் கம்பிச்சுருளில் சூடாகி வீணாகும். வேகத்தைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்கும் வகை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவதால் அந்த நட்டம் இல்லை. கையில் மிஞ்சியிருக்கும் காசைப் பவுண்டில் போடாமல் இதிலும் பற்றரியிலும் போடுங்கள். இது நான் எல்லோருக்கும் சொல்வது.

லிதியம் பற்றரிக்கு அந்த விலை தகுமா?

வாரம் ஒருமுறை போகிறவருக்குத் தகும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி 60 பவுண்டுக்கு மேல், லிதியம் அதில் பாதிகூட வராது. சேமித்திருப்பதில் பெரும்பகுதியைப் பாவிக்கலாம், கடைசிவரை வேகமும் விழாது. ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. ஏப்ரல் மாதக் குளிரில் கராஜில் போட்டு வயரைக் கொழுவிவிடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து செய்யுங்கள். சார்ஜரும் லிதியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஈயப் பற்றரி வைத்திருப்பவர்கள் அதைப் பனிக்காலத்துக்கு முன் முழுக்க நிரப்பி வையுங்கள். வெறுமையாக விட்டால் உள்ளே உறைந்து பெட்டி பிளந்துவிடும்.

வயரைப் பற்றரியில் நேரே கொழுவினால் என்ன?

இறக்கையில் கட்டை சிக்கி மோட்டர் சுற்றாமல் நின்றால் மின்சாரம் எகிறும், வயர் உருகும், பக்கத்தில் பெற்றோல் தாங்கி இருக்கிறது. 55 பவுண்டு மோட்டருக்கு, மின்சாரம் எகிறினால் தானே துண்டிக்கும் 60 அம்பியர் பிரேக்கர் ஒன்றைப் பற்றரிக்குக் கிட்டவே போடுங்கள். பற்றரி பின்னாலும் மோட்டர் முன்னாலும் என்றால் 6 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த வயர். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கனூவில் சின்ன மின்மோட்டர் பூட்டினால் அனுமதி ஏதும் வேண்டுமா? (மிசிசாகா)

வேண்டும், தங்கச்சி. மோட்டர் எவ்வளவு சின்னதென்றாலும், மின்சாரமே என்றாலும், கனடாவில் ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும். இணையத்திலேயே படித்துச் சோதனை எழுதி எடுக்கலாம். கனூவுக்கு 30 பவுண்டு ஏராளம். சில ஏரிகளில் மோட்டருக்கே தடை, சிலவற்றில் மின்மோட்டருக்கு மட்டும் அனுமதி, போக முன் பாருங்கள்.

ஸ்கூகொக்கில் பாசி சிக்கிக்கொண்டே இருக்கிறது. மோட்டரும் இப்போது ஒரு மாதிரி உறுமுகிறது.

பாசிக்கு இறக்கையைக் கத்தி மாதிரி வளைத்த வகை இருக்கிறது, அதை மாற்றுங்கள். உறுமல்தான் எனக்குக் கவலை. இறக்கையின் மரையைக் கழற்றி, இறக்கையை மெதுவாக நேரே இழுங்கள். குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கும், அது புல்லில் விழுந்தால் கிடைக்காது, கீழே ஒரு துணி விரியுங்கள். இறக்கைக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும். என்னுடையதில் ஒருமுறை பார்த்தபோது, மெல்லிய பின்னல் நரம்பு இறுகி ரப்பர் சீலுக்குள் வெட்டி இறங்கியிருந்தது. அதற்குள்ளால்தான் தண்ணீர் போகும், மோட்டர் எரியும். ஒவ்வொரு நாலைந்து பயணத்துக்கும் கழற்றிப் பாருங்கள். பாசியை ஏரிக்கரையிலேயே துடைத்துவிடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் அது சட்டம்.

இந்த மோட்டரை யாழ்ப்பாணத்தில் மாமாவின் வள்ளத்துக்கு அனுப்பலாமா? கடல்நீரேரியில் வலை போடுகிறார்.

நன்னீர் மோட்டரை அனுப்பாதீர்கள். உப்புத்தண்ணீர் ஒரு பருவத்துக்குள் அரித்துவிடும். உப்புநீருக்கென்று பூச்சும், தானே கரைந்து மோட்டரைக் காக்கும் துத்தநாகத் துண்டும் உள்ள வகை வேறு விற்கிறார்கள். சார்ஜரையும் இங்கிருந்து அனுப்ப முடியாது, இங்கே 120 வோல்ற்று, அங்கே 230. அப்புறம், அங்கே பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை, கோல் ஊன்றித்தான் போகிறார்கள். மாமா எந்தப் பக்கம் வலை போடுகிறார், தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆழம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதுங்கள். அதைப் பார்த்து மோட்டர் உதவுமா என்று சொல்கிறேன்.