வேலையோடு வந்த வீடு, வேலையோடு போகுமா?

கேள்வி: என் அம்மா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் 30 வருடமாக வேலை செய்கிறார். அடுத்த வருடம் ஓய்வு. எஸ்டேட் தந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். சேலத்தில் வாடகைக்குப் பார்த்தால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஓய்வுக்கு முன்பே கேட்டது நல்லது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. நான் போன ஒரு லைன் வீட்டின் பின்னால் பெரிய பலா மரம் நின்றது. அங்கே குடியிருந்த ஓர் அம்மா கல்யாணமாகி வந்த வருடம் நட்டதாம். அதைத் தடவிக்கொண்டே, "இதையும் விட்டுட்டுத்தான் போகணும்" என்றார் அந்த அம்மா. ரேஷன் கார்டில் எஸ்டேட் முகவரி, ஆனால் ஒரு சென்ட் மண்கூட அவர் பெயரில் இல்லை.

அரசு உதவியும் இங்கேதான் முட்டுகிறது. கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கும், ஆனால் கட்ட மனை வேண்டும். மண்ணும் இல்லை, மொத்தமாக அட்வான்ஸ் கட்டப் பணமும் இல்லை என்றால், காலமெல்லாம் கூரைக்குக் கீழ் இருந்தவர்கூட ஒரே மாதத்தில் வீடற்றவர் ஆகிவிடுகிறார். இது அவர் தவறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

அதனால் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு இப்போதே ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை சேலம் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு பத்திரம். விஏஓ விசாரணைக்கு வரும்போது அம்மா அந்த முகவரியிலேயே இருப்பது நல்லது. காலி செய்தபின் மனு போட்டால் அலைச்சல்தான்.

அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது ஓய்வின்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை. வருடத்துக்கு 15 நாள் கூலி, 30 வருடத்துக்கு 450 நாள் கூலி. ஓய்வுபெற்ற 30 நாளுக்குள் தர வேண்டும். இழுத்தடித்தால் தொழிலாளர் துறையில் மனு போடுங்கள், வட்டியும் உண்டு. பிஎஃப் கணக்கில் பெயர், பிறந்த தேதி சரியா என்று இப்போதே பாருங்கள்.

வாடகைக்கே போவதென்றால், தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் பொது விதி மூன்று மாத அட்வான்ஸ்தான். ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். படித்துப் பார்க்காமல் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.